ஆரோக்கியம் படித்த கோடுகள்

பால்காரர்தான் வந்து சொன்னார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் எங்கள் வாசல் படியில் ஊன்றிக்கொண்டு, "தம்பி, உன் கூட்டாளி ஆரோக்கியம் போயிட்டான்" என்றார். "எங்க?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன். முந்தின நாள் மாலை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவன் நான். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அளவில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார் என்று பிறகு அம்மா சொன்னாள்.

நம் வகுப்பில் பேர் கூப்பிடும்போது, அவன் வராத நாட்களில் நான் எழுந்து, "ஆரோக்கியம் இல்லை சார், டாக்டரைக் கூப்பிடுங்க" என்பேன். நம் பள்ளிப் பத்திரிகையில் இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அன்று கந்தையா வாத்தியார் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் எழவில்லை.

கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். வாத்தியாரின் குடைக்குள் நான் கரும்பலகைச் சாக்குத்தூள் போட்ட நாளிலும், பள்ளிக்கூட மணியின் நாக்கில் துணி சுற்றிய நாளிலும் அவன் பக்கத்தில்தான் இருந்தான். காட்டிக்கொடுக்க மாட்டான். கூடச் சேரவும் மாட்டான். "வாலு, உன் வெளாட்டு உனக்கு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத" என்பான். ஒரு தடவையாவது அவனை இழுத்துவிட வேண்டும் என்பது என் இலட்சியமாகவே இருந்தது.

அவனைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பௌதிக வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் கட்டம் போட்டு, ஓரங்களில் தூரம், நேரம் என்று எழுதி, ஒரு கோடு இழுத்தார். கோடு சாய்வாக மேலே ஏறியது, கொஞ்ச தூரம் மட்டமாகப் போனது, பிறகு கீழே இறங்கியது. ஒரு மனிதர் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன கதை இது, கதையைச் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்தேன். அந்த மனிதர் மலை ஏறுகிறார், உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், பிறகு இறங்கி வருகிறார் என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் வாத்தியார் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது, நான் வேடிக்கைக்குச் சொன்னதைப் பாதிப் பேர் மெய்யாகவே எழுதியிருந்தார்கள்.

"உது மலையெண்டால் நான் ஏனடா பலகையில கீறிக்கொண்டு நிக்கிறன்? உங்களைப் பத்துமலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பனே" என்றார், தன் யாழ்ப்பாணத்துக் குரலில்.

ஆரோக்கியம் மெதுவாக எழுந்தான். அவர் நடக்கிற ரோடு மட்டமாகவே இருக்கலாம் என்றான். கோடு ஏறினால் வீட்டைவிட்டுத் தூரம் போகிறார் என்று அர்த்தம். மட்டமாக இருந்தால் நிற்கிறார். நேரம் மட்டும் ஓடுகிறது. இறங்கினால் வீட்டுக்குத் திரும்புகிறார். வாத்தியார் சாக்குக்கட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எப்படியடா தெரிந்தது என்று வெளியில் வந்து கேட்டேன். "கோட்டைப் பாக்காத. மொதல்ல ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்றான். "கோடு ஏறினா நல்லது, எறங்கினா கெட்டதுன்னு ஒண்ணும் இல்ல. எது ஏறுது, எது எறங்குதுன்னு கேக்கணும்."

அது எங்கிருந்து வந்தது என்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் வீட்டு அடுக்களைக்குள் போனபோது விளங்கியது. அவன் அப்பா ரயில்வே ஆபீஸில், எந்த வண்டி எந்த நேரம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கட்டத்தாளில் கோடு போடுகிறவர். பழசான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவன் அம்மா அவற்றை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்கள். கஞ்சிப் பானைக்கு அடியில் கோலாலம்பூர், பெட்டாலிங், பத்து தீகா, கிள்ளான் என்று ஓரத்தில் ஊர்கள். மேலே மணி நேரங்கள். நடுவில் சாய்ந்து சாய்ந்து வண்டிகள். நிமிர்ந்த மாதிரிச் சாய்ந்தது வேகமாகப் போகும் வண்டி. படுத்த மாதிரிச் சாய்ந்தது சரக்கு வண்டி. ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒரு ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ளும். ஒன்று ஒதுங்கி நிற்கும், மற்றது போகும்.

"ஸ்டேஷன் இல்லாத எடத்துல வெட்டிக்கிட்டா?"

"கோடு போட்டவருக்கு வேலை போயிடும். வண்டியில இருக்கிறவங்களுக்கு வேற என்னவோ போயிடும்."

வண்டி போன பிறகு இத்தனை கோட்டையும் இழுக்கிறார்களா என்று கேட்டேன். "இல்லடா. கோடுதான் மொதல்ல. வண்டி அப்புறமா வந்து அதுமேல ஓடும்" என்றான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு பென்சிலை எடுத்து, ஒரு தாளில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு நேர்ச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, என் வண்டி இதுதான் என்றேன். அவன் தலையைச் சாய்த்து அதைப் படித்தான். "ஒரே நொடியில எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குதே இது. இந்த வண்டிக்கு டிக்கெட் கெடையாது வாலு. ஆண்டவர் மட்டுந்தான் போகலாம்." அவன் அம்மா அடுப்படியிலிருந்து, ஆண்டவரை வைத்து விளையாடாதீர்கள் என்று அகப்பையைக் காட்டினார்கள். நாங்கள் சிரித்தோம்.

பிறகு அவனுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. காய்ச்சல் கறுப்பு மையிலும் நாடி சிவப்பு மையிலும் கோடாக ஏறியிருந்தன. நான் போன மாலைகளில் எல்லாம் கறுப்புக் கோடு மேலேயே கிடந்தது. கடைசி மாலையில் போனபோது அது சரேலென்று கீழே வந்திருந்தது. அவன் அம்மாவின் முகத்தை அத்தனை வெளிச்சமாக நான் பார்த்ததில்லை. "எறங்கிடுச்சுப்பா, மாதா எறக்கிட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரிடமும் மலாயில் சொன்னார்கள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர்கள் வார்டைவிட்டுப் போனதும், அட்டையை எடுத்துக் காட்டு என்றான் ஆரோக்கியம். அவன் முகம் வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. அட்டையை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஓரத்திலிருந்து தொடங்கிப் படித்தான்.

"கறுப்பு கீழ வருது. சிவப்பு மேல போகுது. வெட்டிக்குது பாரு" என்றான். "ஸ்டேஷன் இல்லாத எடம்டா."

காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நல்லதுதானே என்றேன். நான் மலையைத்தான் பார்த்தேன், இறங்கிவிட்டான் என்றுதான் படித்தேன். அவன் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காய்ச்சல் எறங்கினா நாடி ஏன் ஏறுது? கறுப்பு எறங்குற மாதிரியப் பாரு. நீ அன்னிக்குப் போட்டியே, அந்த வண்டிடா." பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. சந்தோஷமா கோயிலுக்குப் போகட்டும்" என்றான்.

நான் வார்டைக் கவனித்துக்கொண்டிருந்த, டாக்டருக்கு உதவியாளரான டிரெசரிடம் ஓடினேன். அவர் என்னைத் தோளில் பிடித்து நிறுத்தினார். தனக்கும் தெரியும், குடலுக்குள் ரத்தம் கசிகிறது, டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது, அவர் வந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு, "அந்தம்மா எங்க தம்பி?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைத் துரத்தியது. அவன் போகட்டும் என்கிறான். இவர் எங்கே என்கிறார். ஆஸ்பத்திரி கேட்டில் ரிக்‌ஷாவில் ஒரு காலை வைத்துவிட்ட அவன் அம்மாவைப் பிடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவர்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன்.

"அம்மா, ஆரோக்கியம் தண்ணி கேக்குறான். உங்க கையாலதான் வேணுமாம்."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "உன் வெளாட்டா இது?"

"இல்லம்மா. மெழுகுவர்த்திய நாளைக்கு ஏத்தலாம். மாதா கோச்சுக்க மாட்டா."

திரும்பி வந்தோம். நான் அவசரமாக அட்டையைத் திருப்பி, எழுத்து கட்டிலைப் பார்க்கும்படி மாட்டினேன். அம்மா குனிந்து, "தண்ணி கேட்டியாப்பா?" என்றார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தான். என் விளையாட்டு எதற்கும் ஒருநாளும் சாட்சி சொல்லாதவன். இல்லை என்று ஒரு சொல் போதும், எல்லாம் குலைந்துவிடும்.

"ஆமாம்மா. தண்ணி" என்றான்.

அம்மா பஞ்சை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தார்கள். ஒரு கையால் முடியைக் கோதிக்கொண்டே, பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது புதுச் சட்டை தைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். நான் வெளியே வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். அம்மாவை மட்டும் உள்ளே இருக்க விட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவன் சொல்லை நான் மீறினேன். அந்த மெழுகுவர்த்தியும் ஏற்றப்படவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் அம்மா, என் பிள்ளை கடைசியாக என் கையால் தண்ணீர் கேட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நம் பள்ளிப் பத்திரிகையில் வரும் இதை யாராவது அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். காட்டுங்கள். அம்மா, அவன் கேட்டது மெய். என் காதால் கேட்டேன். முன்பின்தான் மாறிவிட்டது, அவ்வளவுதான். ரயில்வே தாளில் நடப்பது போல, கோடு முதலில் வந்தது. நான் போட்டேன். வண்டியை அவன் ஓட்டினான்.

அவன் புத்தகங்கள் அவன் தம்பிக்குப் போயின. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த "ஆமாம்மா" என்னிடம் இருக்கிறது.