சறுக்கல் டீச்சர்

இடது கை மாவுக்கட்டோடு தொங்க, வலது கையால் சோப்புத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறாள். துடைப்பத்தால் பரப்பி, செருப்பு நுனியால் தேய்த்துப் பார்க்கிறாள். வழுக்கினால்தான் திருப்தி. "இப்பதான் தரை தரையா இருக்கு" என்கிறாள். வீட்டுக் குளியலறையில் இதே காரியத்தை நான் செய்தால் கிடைப்பது வேறு.

இவள் என் மனைவி. சறுக்கும் வண்டியைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று லாரி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களுக்கு இவள் 'சறுக்கல் டீச்சர்'. வண்டி சுழலும்போது, போக வேண்டிய இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அவள் சட்டம். "மோதிருவோமோன்னு பயப்படுற கம்பத்தச் சொல்லாதீங்க. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும்." மீசை முறுக்கிய ஆட்கள் மைதானத்து இரும்புக் கேட்டைப் பார்த்து "கேட்டு, கேட்டு" என்று அலறிக்கொண்டே சுழல்வதைக் காணக் கண் கோடி வேண்டும்.

நான் பல்செட் செய்கிறவன். பிறர் வாயில் மயிரிழை பிசகாத இந்தக் கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் யாருடைய கையோ ஆகிவிடும். அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் உண்டு. அவள் பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு வளைவிலும் சரியாகத்தான் ஓட்டுகிறேனா என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். வண்டியும் அவள் பக்கமே சாயும். இதைக் காதல் என்று சொல்லிப் பார்த்தேன். "காதலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பரீட்சையில பக்கத்துப் பேப்பரப் பாக்குற புத்தி" என்றாள்.

போன மாதம் அவள் மணிக்கட்டு முறிந்தது. வண்டியில் அல்ல, துணி காயப்போட ஸ்டூலில் ஏறி. மைதானம் ஊருக்கு வெளியே, பேருந்து எட்டிப் பார்க்காத இடம். நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். பாடம் நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்த வேலையை அவள் எவ்வளவு போராடிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவள் முகத்தை இன்னும் அதிகமாகப் பார்த்தேன்.

நேற்றுக் காலை நல்ல மழை. மேம்பாலம் இறங்கும் வளைவில் பின்சக்கரங்கள் தம் இஷ்டத்துக்கு வெளியே ஓடின. எதிரே தண்ணீர் லாரி. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மிதித்துவிட்டு, வழக்கம்போல அவளைப் பார்த்தேன்.

"என் மூஞ்சில ரோடு இல்லங்க. பிரேக்க விடுங்க. எங்க போகணும்?"

"வீட்டுக்கு" என்றேன்.

"ரோட்டப் பாத்துச் சொல்லுங்க."

"மஞ்சக் கோடு" என்று கத்தினேன். கண் கோட்டுக்குப் போனது, கை அதன் பின்னால் போனது. வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேராயிற்று. லாரி எங்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

ஓரமாக நிறுத்தினேன். "டாக்சி கூப்பிட்டுரலாம். உன்ன வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. பயமா இருக்கு" என்றேன்.

அவள் நல்ல கையால் சால்வையைத் தலைக்கு மேலே இழுத்து, முகம் முழுவதையும் மூடிக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்தாள். "இப்பச் சொல்லுங்க, எங்க போகணும்?" என்று சால்வைக்குள்ளிருந்து கேட்டாள்.