பாதியில் திரும்பிய கோலி

ஐஸ் ஹொக்கியில் கோலியை, அதாவது கோல் காப்பவரை, வெளியே எடுப்பது தண்டனை அல்ல. ஒரு கோலால் பின்தங்கி நிற்கும்போது, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கையில் கோச் கையைக் காட்டுவார். கோல் காக்கும் பிள்ளை விரைந்து வந்து பெஞ்சில் ஏறும். அதற்குப் பதிலாக அடித்தாடும் பிள்ளை ஒன்று இறங்கும். கோல் வெறுமையாகக் கிடக்கும். எதிரணி ரப்பர் வட்டை அதற்குள் தட்டிவிட்டால் இன்னொரு கோல் விழும்தான். ஆனால் ஒன்றால் தோற்றாலென்ன, இரண்டால் தோற்றாலென்ன? கனடாவில், ஸ்காபரோவின் ஐஸ் அரீனாக்களில் கோலியாக விளையாடிய மகளின் கனத்த பையைக் காவித் திரிந்த எனக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது.

என் கணவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. அவர் ஊரில் உதைபந்தாட்டத்தில் கோல் காத்தவர். ஆகவே எல்லாம் தெரியும். மகள் விளையாடிய வருஷங்களில் வேலை, வேலை என்று எட்டியும் பாராதவர், ஒரேயொரு நாள் வந்தார். அன்றுதான் அடுத்த வருஷத்துப் பெரிய அணிக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க அதன் கோச்சும் வந்திருந்தார். அந்த அணியில் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர மகளுக்கு அப்போது வேறு பேச்சே இல்லை.

ஒரு கோல் பின்னால் நின்றார்கள். கோச் கையைக் காட்ட, மகள் பெஞ்சை நோக்கி விரைந்தாள். கோலுக்குப் பின்னால் நின்ற என் கணவர் கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையாலும் அடித்தார்.

“பிள்ளை! கோலை விட்டிட்டு எங்கை போறாய்? திரும்பி வா!”

“இஞ்சேருங்கோ, அது தண்டனையில்லை. விளையாட்டே அப்பிடித்தான்,” என்று அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தேன்.

“நீ சும்மா இரு. என்ர பிள்ளையை வெளியால எடுக்க உவை ஆர்?”

அவள் பாதி வழியில் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கோலுக்குத் திரும்பினாள். அதற்குள் மற்றப் பிள்ளை இறங்கிவிட்டாள். ஐஸில் ஓர் ஆள் கூடிப்போனது என்று விசில் ஊதினார்கள். அதற்குத் தண்டனையாக மிஞ்சிய நேரம் முழுவதும் ஓர் ஆள் குறைவாக விளையாடித் தோற்றார்கள்.

உடுப்பு மாற்றும் அறை வாசலில், ஏன் திரும்பினாய் என்று கோச் கேட்டார். விதி மறந்துபோய்விட்டது என்றாள் மகள். நான் வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பெரிய அணிக்கு வேறொரு பிள்ளையை எடுத்தார்கள். இந்த விதியே தெரியாத கோலியை யார்தான் எடுப்பார்? மகள் பிறகு ஐஸில் இறங்கவேயில்லை.

போன மாதம் மோர்னிங்சைட்டில் ஒரு பிறந்தநாள் வீடு. கையில் கடித்த ரோல்ஸோடு என் கணவர் தொடங்கினார்.

“அண்டைக்கு நான் போகாட்டி பிள்ளையைக் கலைச்சிருப்பாங்கள். நான் போட்ட சத்தத்திலைதான் திரும்ப விட்டவங்கள்.”

அப்பன் என்றால் இப்படி இருக்கவேணும் என்று ஓர் அங்கிள் அவர் முதுகில் தட்டினார். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று தட்டை வைத்துவிட்டு எழும்பினேன்.

“என்ன பிள்ளை, நான் சொல்லுறது சரிதானே?” என்று அவர் மகளைக் கேட்டார்.

“ஓம் அப்பா,” என்றாள் அவள், என் கையைப் பிடித்து இருத்தியபடி. “நீங்கள்தான் காப்பாத்தினீங்கள்.”