பின் அச்சுக்கு எத்தனை சுற்று

அய்யாவுவின் பழைய மோரிஸ் காரில் பின் அச்சு உடைந்து ஆறு நாள் ஆகிவிட்டது. மனைவி மலரை ரத்தம் சுத்திகரிக்க குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி அது. ரெண்டு தடவை தவறி, அவள் கால் வீங்கிக் கிடந்தது. திங்கட்கிழமையும் தவறினால் என்ன ஆகுமோ! பக்கத்து வீட்டு வேன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். அதில் இருவரும் பொந்தியான் பழைய இரும்புக் கடைக்கு வந்தார்கள்.

இருந்தது ஒரே ஒரு அச்சு. அதன் எண் துருவில் அழிந்திருந்தது.

"உள்ள இருக்கிற சக்கரத்துப் பல்லுக் கணக்கு தெரியாம வாங்கினா நம்ம வீட்டு மேடு ஏறாது, புள்ள."

மலர் அச்சின் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்தாள். மறுபக்கத்தை ரெண்டு சுற்று சுற்றினால் நடுத்தண்டு நாலரை சுற்றாவது சுற்றவேண்டும்; குறைந்தால் மேடேற இழுவை போதாது. அய்யாவு சுற்றை எண்ணத் தண்டில் விபூதிப் பொட்டு வைத்து, சாமியைக் கும்பிட்டுச் சுற்றினார்.

நாலுகூட வரவில்லை. மறுபடி சுற்றினார். அதேதான். மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏங்க, எஸ்டேட் லாரி ஓட்டினப்ப, மேடு முதல் கியர்ல ஏறாட்டி என்ன செஞ்சீங்க?"

"ரிவர்ஸ்ல ஏத்துவேன். அதுக்குத்தான் இழுவை ஜாஸ்தி."

"நம்ம வண்டிக்கு ரிவர்ஸ் இல்லையா லா?"

அய்யாவு கையை விலக்கிப் பார்த்தார்.

"மேடு பூரா பின்னாலயேவா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் திரும்பி உட்கார்ந்து வழி சொல்றேன். அச்சைத் தூக்குங்க."