மனசுக்கு ஒரு நில் ரிப்போர்ட்

குடும்ப டாக்டரிடம் யாரும் மனசு சரியில்லை என்று வருவதில்லை. வயிறு சரியில்லை, தலை சரியில்லை, தூக்கம் சரியில்லை என்றுதான் வருவார்கள். மிச்சத்தை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். என்னைப்போலப் பத்து நிமிடத்துக்கு ஒருவரைப் பார்த்து அனுப்பும் டாக்டர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே மருந்துச் சீட்டோடு எழுந்துபோனவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நேராகக் கேட்டது

டெல்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழும் இந்தியுமாகப் படித்து, பதினாறு வருடம் இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் டெல்லிக்குத் திரும்பி லோதி ரோடு பக்கம் கிளினிக் திறந்தவள் நான். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்பது அங்கே பழகிய பழக்கம். முதுகுவலி என்று நாலாவது தடவையாக வந்த ஓர் இந்திக்கார அம்மாளிடம், மனசு சோர்வாக இருக்கிறதா என்று இந்தியில் கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மாமியாரின் கண் ஆபரேஷன், பெண்ணின் பரீட்சை, காலையில் அரை மணி நேரமே வரும் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் காட்டினார். பிறகு, "டாக்டர் ஜி, சோர்ந்துபோக எனக்கு டைம் எங்கே இருக்கு? நீங்க முதுகைப் பாருங்க" என்றார்.

சுனிதாவின் பரிசோதனை

சுனிதா என் உதவியாளர். வெளியே உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார், பீபி பார்ப்பார். ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்து வருபவரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் என்றார். வந்தவர் ராமலிங்கம், திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர். நெஞ்செரிச்சல் என்று மூன்றாவது தடவையாக வந்திருந்தார். பார்த்து அனுப்பிவிட்டு, அவரிடம் அப்படி என்ன கண்டாய் என்று சுனிதாவைக் கேட்டேன்.

"அவருக்கு முன்னாடி ரெண்டு பேர் வரிசையில புகுந்து போனாங்க மேடம் ஜி, அவர் ஒண்ணுமே சொல்லலை. டெல்லியில இதைவிடப் பெரிய வியாதி கிடையாது."

ஒன்பது கேள்விகள்

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். தூக்கம், பசி, ஆர்வம் என்று ஒன்பது கேள்விகள். இரண்டு வாரமாக எப்படி இருக்கிறது என்று டிக் செய்தால் போதும். அடுத்த தடவை ராமலிங்கத்திடம் அதைக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். ஒன்பதுக்கும் 'இல்லவே இல்லை' என்று டிக் செய்து, நான் கேட்காமலே அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். நானும் நிம்மதியாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினேன். படிவத்தை நம்பி ஆளைப் பார்க்க மறந்தது என் தப்பு.

நாலு நாள் கழித்து மனைவி பார்வதி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் பேச்சே இல்லை, பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருக்கிறது என்றார். படிவத்தைக் காட்டினேன். பார்வதி தலையில் அடித்துக்கொண்டார். எதுவும் நடக்கவில்லை என்று மாதாமாதம் மேலிடத்துக்கு நில் ரிப்போர்ட் அனுப்புவதுதான் இருபத்தெட்டு வருடமாக அவர் வேலையாம். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கை அப்படித்தான் போகுமாம். ராமலிங்கம் மறுக்கவில்லை. "ஒரு தடவை 'இருக்கு'ன்னு எழுதிட்டா, விளக்கம் கேட்டு லெட்டர் வரும் மேடம்" என்றார்.

வாயால் கேட்டது

படிவத்தை இழுப்பறையில் போட்டேன். பேனாவையும் மூடி வைத்தேன். கடைசியாக எதைச் சந்தோஷமாகச் செய்தீர்கள் என்று கேட்டேன். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லாரும் சாயங்காலம் கேரம் ஆடுவார்களாம். அவர் போய் மூன்று மாதம் ஆகிறதாம். அப்புறம், எல்லா டாக்டர்களும் தயங்குகிற அந்தக் கேள்வி. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா? உயிரை விட்டுவிடலாம் என்று யோசித்தீர்களா?

ராமலிங்கம் பீபி கருவியைப் பார்த்துக்கொண்டே, அந்த அளவுக்குப் போகவில்லை என்றார். நம்பினேன், ஆனாலும் வாராவாரம் வரச் சொன்னேன், அப்படி எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி என் நம்பரையும் இரண்டு பேரிடமும் கொடுத்தேன். எழுந்திருக்கும்போதுதான் அவர் சொன்னார்: "காலையில முழிப்பு வந்ததும், ஐயோ, இன்னிக்கும் வந்துடுச்சான்னு இருக்கு மேடம்."

மாத்திரை

இது சோம்பேறித்தனமோ கோழைத்தனமோ இல்லை, சர்க்கரை, பிரஷர் போல ஒரு வியாதி, குணமாகும் என்று சொன்னேன். ஒரு மாத்திரை, தினமும் நடை, வாரம் ஒருமுறை என்னிடம் பேச்சு. மனசு தெளிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அப்புறமும் பல மாதம் தொடர வேண்டும் என்றும் சொன்னேன். எனக்கு ஒரே பயம், மாத்திரை வேலை செய்யவே மூன்று வாரம் போல ஆகும் என்பதுதான். இந்த இடத்தில்தான் பலர் நம்மைக் கைவிட்டுவிடுவார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு அசைவு. "மூணு வாரம்தானே மேடம்? எங்க ஆபீஸ்ல ஒரு நாற்காலி மாத்தவே ஆறு மாசம் ஆகும்."

ஏழாவது வாரம்

வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் ஏழாவது வாரம் வரவில்லை. சுனிதாவிடம் போன் போடச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பார்வதி தனியாக உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ராமலிங்கம் எங்கே என்று கேட்டேன்.

"கேரம் ஆடப் போயிருக்காக டாக்டரம்மா, இன்னிக்கு ஏதோ போட்டியாம். வாயே திறக்கலையேன்னு அழுதவதான் நான், இல்லைங்கல. இப்ப குவார்ட்டர்ஸ் குழாய் ஒழுகுதுன்னு மூணு லெட்டர் போட்டாச்சு, நாலாவதை வாசிச்சுக் காட்டுதேன் உக்காருன்னு காலையிலயே ஆரம்பிச்சுட்டாக. அந்த மாத்திரையைக் கொஞ்சூண்டு குறைப்பமா?"

குணமானதற்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை, குணமானவர்மேல் புகார் சொல்லத்தான் வருகிறார்கள் என்பதே இந்தத் தொழிலில் நான் கேட்கும் மிக நல்ல செய்தி.