நிற்கவைத்துப் பார்த்த டாக்டர்

அரசு ஆஸ்பத்திரியின் அறைக்குள் அப்பாவும் நானும் டாக்டரம்மாவும் இருந்தோம். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அம்மா வரவில்லை. ஒரே வாரத்தில் அப்பா குளியலறையில் இரண்டு முறை விழுந்திருந்தார்.

டாக்டரம்மாவின் கண்களுக்குக் கீழே கருமை படிந்திருந்தது. வயதானவர் யார் வந்தாலும் உட்காரவைத்து ஒருமுறை பிரஷர் பார்ப்பார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்ப்பார். வெளியே வரிசை முணுமுணுத்தாலும் அதை விடமாட்டார். அப்பா எழுந்து நின்றதும் அளவு மளமளவென்று இறங்கியது.

"மருந்து எடுத்துக் குடுக்கிறது ஆரு?" என்று டாக்டரம்மா தன் மலையாளத் தமிழில் கேட்டு, அம்மாவைப் போனில் அழைக்கச் சொன்னார்.

"திருநேலி டாக்டர் குடுத்தது பச்சை அட்டை, இங்க குடுத்தது வெள்ளை அட்டை. காலைல ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குடுப்பேம்மா" என்றாள் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நிறம் பார்த்துத்தான் கொடுப்பாள். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், காலையிலேயே கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

நாங்கள் கொண்டுபோயிருந்த இரண்டு அட்டைகளையும் டாக்டரம்மா திருப்பிப் பார்த்துவிட்டு போனில் சொன்னார். "ரெண்டும் ஒரே பிரஷர் மருந்துதன்னே அம்மா, கம்பெனிதான் வேற. மருந்து இரட்டியாப் போயி, அதான் எழுந்தா விழறார். பச்சையை நிறுத்துங்கோ. அடுத்த ஆழ்ச்ச, அடுத்த வாரம், நீங்களும் கூட வரணும்."

"இம்புட்டு நேரம் காத்துக் கெடந்ததுக்கு ஒரு புது மாத்திரைகூட இல்லியா?" என்று அப்பா கோபித்தார்.

"விழாம இருந்தாப் போதும் அப்பா" என்று டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்பா அதன்பிறகு விழவில்லை. அந்த டாக்டரம்மா அன்று எத்தனை பேரை எழுப்பி நிறுத்தினாரோ, எப்போது சாப்பிட்டாரோ. எங்களுக்கு ஆன செலவு பஸ்ஸுக்கு எண்பது ரூபாய் மட்டும்தான்.