பிரவுன் அட்டை போட்ட மூன்று புத்தகங்கள்

எங்கள் ஃப்ளாட்டில் புதிதாக வாசகர் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்று ஒரு பெண் கதவைத் தட்டி, "ஆன்டி, காதல், மனுஷ சுபாவம், சாப்பாடு, இந்த மூணுக்கும் ஓரோ நல்ல புஸ்தகம் பறயணும்" என்றாள். தமிழ்ப் பெண்தான், பேச்சில் பாதி மலையாளம்; மலையாள மண்ணில் வளர்ந்தால் அப்படித்தான். சொல்வதற்கென்ன, நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

ஆபீஸில் சேர்ந்த புதிதில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு புத்தக வட்டம் நடத்தினோம். மாதம் மூன்று தமிழ்ப் புத்தகம் வாங்கி, மாற்றி மாற்றிப் படிப்போம். சூப்பிரண்டு கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரி பிரவுன் அட்டை போட்டுவிடுவோம். மேலே பெயர் எழுத மாட்டோம். அட்டை போடுவதும், இன்னாருக்கு இது பிடிக்கும் என்று சிபாரிசு செய்து கொடுப்பதும் என் வேலை. முகத்தைப் பார்த்தே ருசியைச் சொல்லிவிடுவேன் என்று அப்போது எனக்குத் தலைக்கனம். இப்போதும் கொஞ்சம் உண்டு.

மைதாப் பசை வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அடுத்த சீட்டு மணிதான் ஞாபகம் வருகிறார். ஸ்ரீவராகத்துக்காரர், ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. அவருடைய அப்பா கல்யாணச் சமையல்காரர். அதை வைத்து ஆபீஸில் அவரை 'சாம்பார்' என்று கூப்பிடுவார்கள். சிரித்துவிடுவார், ஆனால் காது சிவந்துபோகும். எனக்கு அவர் மேல் உயிர். அவருக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கத் தென்காசி போகிறார் என்று கேள்விப்பட்டதும் இனிப் பொறுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த மாதத்துக் காதல் நாவலை அவருக்கென்று ஒதுக்கினேன். "அவசியம் படியுங்கோ. உங்களுக்காகவே எடுத்து வச்சேன். படிச்சா என் மனசு தெரியும்" என்று கையில் திணித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மனித சுபாவத்தை அலசும் புத்தகத்தை நானே வைத்துக்கொண்டேன். அதைப் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் "படிச்சேளா?" என்றேன்.

"நன்னா மனசிலாயி" என்றார், நன்றாகப் புரிந்துவிட்டதாம். அதோடு சரி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு நாள் எனக்குச் சாதம் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, சமையல் புத்தகம் கேட்டு வாங்கிப் போயிருந்த எங்கள் வட்டத்துப் பத்மா மாமி என் மேஜைக்கு வந்து நின்றாள். "என்னடி இது? ரசப்பொடிக்கு அளவு பார்க்கலாம்னு பிரிச்சா, ரெண்டு பேர் மழையில நனைஞ்சுண்டு நிக்கறா!"

அடக் கடவுளே! சமையல்காரர் பிள்ளையிடம் சமையல் புத்தகத்தைக் கொடுத்து, படித்தால் என் மனசு தெரியும் என்று வேறு சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் வாயால் சொன்ன கேலியை நான் அட்டை போட்டுக் கொடுத்ததாகத்தானே நினைத்திருப்பார்?

அன்று அவர் லீவு. சாயங்காலம் நேரே ஸ்ரீவராகத்துக்கு நடந்தேன். வாசலிலேயே அவரும் அப்பாவும் நின்றிருந்தார்கள். தயங்கினால் காரியம் கெட்டுவிடும் என்று மடமடவென்று கொட்டிவிட்டேன்.

"அது பத்மா மாமிக்கு வச்சிருந்தது. உங்களுக்கு வச்சது காதல் கதை. கை மாறிப் போச்சு. தென்காசிக்குப் போகாதீங்கோ."

அவருக்குக் காது சிவந்தது. அப்பாதான் பேசினார். "அந்தப் புஸ்தகத்தை நானும் புரட்டிப் பார்த்தேன். அவியலுக்கு வெங்காயம் போடச் சொல்றான், மடையன். நீ உள்ள வாம்மா."

தென்காசிப் பயணம் நின்றது. அந்தக் காதல் நாவலை அவர் கடைசிவரை தொடவேயில்லை. "அதான் வாசல்ல வச்சு நேரே கேட்டாச்சே" என்பார். மற்றபடி கையில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். சாயங்காலக் காபிக்கு உட்கார்ந்தால் ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்போம், சண்டையும் போடுவோம்.

வட்டத்தில் இப்போது நானும் பத்மா மாமியும்தான் மிச்சம். மாமிக்குக் கண் தெரிவதில்லை. ஸ்ரீவராகத்து வீடு இருந்த இடத்தில் யாரோ மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். நான் படிப்பதை விடவில்லை. நல்ல வரி ஒன்று வந்தால், "ஏன்னா, இதைக் கேளுங்கோளேன்" என்று இன்றைக்கும் சத்தமாகத்தான் வாசிக்கிறேன். மூன்று வருஷமாகப் பதில் வரவில்லை.