கண்ணாடி துடைத்தவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில், கம்ப்யூட்டர் போர்டுகளைக் கடுங்குளிரில் வைத்துச் சோதிக்கும் பெட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். நரைத்த மீசை, இடுப்பில் செருகிய மஞ்சள் துணி. பெட்டியின் கண்ணாடி வேர்க்க வேர்க்கத் துடைப்பார். உள்ளே போர்டின் பச்சை விளக்கு எரிந்தால், "முழிச்சிக்கிச்சு சார்" என்பார்.

"எல்லாம் ஸ்கிரீன்லயே தெரியுதே, எதுக்குண்ணே சும்மா துடைக்கிறீங்க?" என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டேன்.

"என் பொண்ணு தவறினப்போ ஊட்ல ஐஸ் பெட்டில வெச்சிருந்தோம் சார். கண்ணாடி வேர்த்துக்கினே இருந்துச்சு. தொடச்சித் தொடச்சிதான் மூஞ்சியப் பாத்தேன். கை பழகிப்பூட்ச்சு."

அன்று சாயங்காலம், மைனஸ் நாற்பது டிகிரியில் ஒரு போர்டு முழிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை. ஃபெயில் என்று எழுதிவிட்டு நான் எழுந்தேன்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.